கடுகண்ணாவை ஏற்றமும் லொறியின் கியரும்

மாவனல்லை தாண்டி, கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறிகள் முக்கி முனகுவதைக் கேட்டிருப்பீர்கள். டிரைவர் ஏன் கியரைக் குறைக்கிறார்?

என்ஜின் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுற்றுகிறது என்பதே ஆர்.பி.எம். கியர் போட்டு கிளச்சை விட்டால் என்ஜினும் சில்லும் சேர்ந்தே சுற்றும். உதாரணமாக, கியர் பெட்டியிலிருந்து சில்லுக்குப் போகும் தண்டு நிமிடத்துக்கு 400 சுற்று சுற்றுகிறது என்போம். ஒன்றுக்கு ஒன்றான டொப் கியரில் என்ஜினும் 400தான். பாரம் இழுக்காமல் நின்றுவிடும். மூன்றுக்கு ஒன்றான கியரில் என்ஜின் 1,200 சுற்றும். இழுவையும் மூன்று மடங்காகும்.

பாரம் கூடினால் ஆர்.பி.எம். கூடும் என்பார்கள். அப்படியல்ல. பாரத்தால் வேகம் குறையும், சுற்றும் குறையும். அதை ஈடுகட்டத்தான் எக்சிலேட்டரை மிதிக்கிறோம், கியரைக் குறைக்கிறோம்.

உயிர் விஷயம் இறக்கத்தில்தான். சின்ன கியரில் என்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும். டீசல் மிச்சமென்று நியூட்ரலில் விட்டால் பிரேக் மட்டுமே துணை. அது சூடேறினால் பிடிக்காது.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். இறக்கம் தொடங்குமுன்பே மாற்ற வேண்டும். கொழுந்து மூட்டையோடு பின்னால் இருப்பது நம்ம பொம்பளைகள். நியூட்ரலில் போனால், "கியர்ல போங்கண்ணே" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.