குதிரையின் குறும்பும் அதன் காரணமும்

குதிரையேற்றப் பயிற்சிப் பள்ளியில் ஒரே இலாயத்தில் வாழும் குதிரைகள் எல்லாம் ஒரே குணம் உடையன அல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையில் குறும்பு செய்யும்.

சேணத்தின் வயிற்றுவாரை இறுக்கும்பொழுது ஒரு குதிரை வயிற்றை உப்ப வைத்துக்கொள்ளும். பின்னர் வயிறு தளர, சேணத்தோடு ஏறியவரும் சரிவார்! இது சூழ்ச்சி அன்று. வார் திடீரென அழுத்திய வலியை அது மறவாமையே பெரும்பாலும் காரணம். சிறிது சிறிதாக இறுக்கினால் அப்பழக்கம் குறையும்.

மற்றொரு குதிரை உதட்டால் தாழ்ப்பாளை நீக்கி வெளியே உலாவும். கூட்டமாக மேய்ந்து வாழும் இயல்புடைய விலங்கு, தனியறையில் நெடுநேரம் நின்றால் சலிப்படையாதா?

வேறொன்று, புதியவர் ஏறினால் அசையாது நிற்கும்; ஆசிரியர் அருகில் வந்தாலே நடக்கத் தொடங்கும். மனிதரின் உடலசைவைக் கூர்ந்து நோக்குவதில் குதிரை வல்லது. 1904-இல் செருமனியின் பெர்லின் நகரில் ‘ஹான்ஸ்’ என்னும் குதிரை, கணக்குகளுக்குக் குளம்பால் தட்டி விடை கூறிப் புகழ் பெற்றிருந்தது. ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் என்னும் அறிஞர் அதனை ஆராய்ந்து, 1907-இல் உண்மையை நூலாக வெளியிட்டார். ஹான்ஸுக்குக் கணக்குத் தெரியாது. சரியான எண் வந்ததும், வினவியவர் தம்மை அறியாமலே தலையைச் சிறிது அசைப்பார்; அதைக் கண்டே குதிரை தட்டுவதை நிறுத்தியது!

வாயில்லா உயிர் தன் துன்பத்தைச் செயலால்தான் கூறும். ஆதலின், அது அடம்பிடிக்கும்பொழுது பிரம்பை எடுக்குமுன் காரணத்தைத் தேடுவோமாக. நம் வீட்டு ஆடு மாடுகளுக்கும் இது பொருந்தும்.