நள்ளிரவுப் பராமரிப்பு: நெட்வொர்க் ஸ்விட்சும் நம் கணக்கும்

‘பராமரிப்புப் பணி காரணமாக நள்ளிரவில் சிறிது நேரம் சேவைகள் கிடைக்கமாட்டா’ என்னும் குறுஞ்செய்தி வாடிக்கையாளர்களுக்குப் புதிதன்று. அந்நேரத்தில் நடைபெறும் பணிகளுள் ஒன்று, நெட்வொர்க் ஸ்விட்சுகளின் மென்பொருளைப் புதுப்பித்தல்.

மாட்டுங்காவில் ஒருவர் ஏடிஎம்மில் அட்டையைச் செருகியதும், அவரது கோரிக்கை வங்கியின் தரவு மையத்தை நாடிச் செல்கிறது. தானே சிற்றோடைக்குக் கிழக்கே ஐரோலி, ரபாலே, மகாபே பகுதிகளில் இத்தகைய தரவு மையங்கள் பல இயங்குகின்றன. அங்கு வரும் தகவலை உரிய கணினிக்கு மட்டும் திருப்பிவிடும் கருவியே ஸ்விட்ச். அதற்குள்ளும் மென்பொருள் உண்டு. அதிலும் குறைகள் தோன்றும்.

2018 மார்ச் 28 அன்று, ஸ்விட்சுகளைத் தொலைவிலிருந்து நிறுவ உதவும் ‘ஸ்மார்ட் இன்ஸ்டால்’ வசதியில் இருந்த குறைக்குச் சிஸ்கோ நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. பத்து நாள்கள்கூட ஆகவில்லை. ஏப்ரல் 6 இரவு, அவ்வசதி திறந்து கிடந்த ஸ்விட்சுகள் பல நாடுகளில் தாக்கப்பட்டன. உலகெங்கும் சுமார் 2,00,000 கருவிகளும், தம் நாட்டில் மட்டும் 3,500 கருவிகளும் பாதிக்கப்பட்டதாக ஈரான் அரசு அறிவித்தது. திருத்தம் வெளியாகும் நாளே, குறை எங்குள்ளது என்பதைத் திருடரும் அறியும் நாள்.

ஆயினும் அவசரம் கூடாது. முறை இதுவே:

1. இப்போதுள்ள அமைவுக் கோப்பை வேறிடத்தில் நகலெடுத்தல்.
2. புதிய மென்பொருளை உற்பத்தியாளரிடமிருந்தே பெற்று, அவர் வெளியிட்ட சரிபார்ப்பு எண்ணுடன் ஒப்பிடுதல். ஓர் எழுத்து மாறினும் அக்கோப்பை ஏற்கலாகாது.
3. சோதனைக் கருவியில் இயக்கிப் பார்த்தல்.
4. இணையாக இயங்கும் இரு ஸ்விட்சுகளில் ஒன்றை மட்டும் முதலில் புதுப்பித்தல். மற்றொன்று அதுவரை சுமையைத் தாங்கும்.
5. மீண்டும் இயக்கி, பதிப்பு எண்ணையும் இணைப்புகளையும் சரிபார்த்தல். பிழை காணின் பழைய பதிப்புக்குத் திரும்புதல்.

இறுதியாகப் பதிவு. கருவியின் வரிசை எண், பழைய பதிப்பு, புதிய பதிப்பு, நாள், நேரம், செய்தவர், ஒப்புதல் அளித்தவர் ஆகியவை பதிவேட்டில் ஏற வேண்டும். காசோலையை ஒருவர் பதிய மற்றொருவர் சரிபார்க்கும் வங்கி மரபே இங்கும் பொருந்தும். பதியப்படாத புதுப்பிப்பு, பாஸ்புக்கில் ஏறாத வரவு போன்றது. அடுத்த குறை வெளிப்படும்போது எக்கருவியைத் திருத்த வேண்டும் என்பதே தெரியாமற்போகும்.

2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இந்திய ரிசர்வ் வங்கியின் தகவல் தொழில்நுட்ப ஆளுகை நெறிமுறைகள், மென்பொருள் திருத்தங்களையும் மாற்றங்களையும் முறைப்படி கையாளுமாறு பணிக்கின்றன. கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள்கள் காக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட ஆணை.

வாடிக்கையாளருக்கும் இதில் பங்குண்டு. வீட்டு வைஃபை ரவுட்டரின் மென்பொருளை அவ்வப்போது புதுப்பியுங்கள். அதனுடன் வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். புதுப்பித்த நாளைக் குறித்து வையுங்கள். வங்கிச் செயலியை அதிகாரப்பூர்வச் செயலிக் கடையில் மட்டுமே புதுப்பியுங்கள். ‘புதுப்பிக்க இதை அழுத்துக’ என்று குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள்.