நாள்பட்ட நோயும் ஆரம்ப சுகாதார நிலையமும்

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது நம் முன்னோர் வாக்கு. சாதாரணக் காய்ச்சல் வந்தால் சில நாட்களில் குணமாகிவிடும். ஆனால் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் அப்படிப்பட்டவை அல்ல. வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் உடனிருப்பவை. இவற்றையே நாள்பட்ட நோய்கள் என்கிறோம். இவற்றை அடக்கி வைப்பதில் ஆரம்ப சுகாதார நிலையம் ஆற்றும் பணி மிகப் பெரிது.

இந்நோய்கள் ஓசையின்றி வருபவை. இரத்த அழுத்தம் 140/90 என்ற அளவைத் தாண்டினாலும் பலருக்கு வலியோ தலைச்சுற்றலோ தோன்றுவதில்லை. ஆனால் உடலுக்குள் கேடு நடந்துகொண்டே இருக்கும். நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன என்று உயிரியலில் படிக்கிறோம். அவற்றிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களும், கண்ணின் விழித்திரையிலுள்ள குழாய்களும் சிறிது சிறிதாகப் பழுதடைகின்றன. ஆகவே, அளந்து பார்த்தால்தான் நோய் தெரியும்; அடிக்கடி அளந்தால்தான் அது அடங்கியிருக்கிறதா என்பதும் தெரியும்.

இதற்காக மாதந்தோறும் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமானால், கூலி வேலை செய்வோர் ஒரு நாள் வருமானத்தை இழக்க நேரிடும். நாளடைவில் போவதையே நிறுத்திவிடுவர். மக்கள் வாழும் இடத்திற்கு அருகிலேயே மருத்துவ வசதி வேண்டும் என்று 1978ஆம் ஆண்டு அல்மா அட்டா நகரில் கூடிய உலக மாநாடு அறிவித்தது. நம் நாட்டில் சமவெளியில் 30,000 பேருக்கும், மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதிமுறை. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனையையும் மாத்திரைகளையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது.

"கொதிப்பு இறங்கிவிட்டதே, இனி மாத்திரை எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. இறங்கியது மாத்திரையால்தான். குடை பிடித்திருப்பவர், தாம் நனையவில்லையே என்று கொட்டும் மழையில் குடையை மடக்குவாரா? இந்த மாதம் மாத்திரை வாங்க யார் வரவில்லை என்பதை ஊரை அறிந்த செவிலியர் ஏட்டைப் பார்த்துக் கண்டுபிடிப்பார். வீடு தேடிச் சென்று காரணம் கேட்பார். உப்பைக் குறைக்கவும், நாள்தோறும் நடக்கவும், பாதத்தில் புண் இருக்கிறதா என்று பார்க்கவும் சொல்லித் தருவார். தொலைவிலுள்ள பெரிய மருத்துவமனையால் இதை எளிதில் செய்ய இயலாது.

பெரிய மருத்துவமனை தேவையில்லை என்பதன்று. நெஞ்சு வலித்தாலோ, ஒரு பக்கக் கை கால் செயலிழந்தாலோ, ஒரு நொடியும் தாமதியாமல் அங்கே விரைய வேண்டும். அந்த நிலை வராமல் காப்பதே ஆரம்ப சுகாதார நிலையத்தின் வேலை.

அன்புத் தோழியரே! நம் இல்லங்களில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தம் மாத்திரையை மறந்துவிடும் அன்னையரும் பாட்டியரும் பலர். இன்று மாலையே அவர்களின் மருத்துவச் சீட்டை எடுத்து, கடைசியாகப் பரிசோதித்த தேதியைப் பாருங்கள். நாளாகியிருந்தால் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். நம்மை வளர்த்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய சிறந்த தொண்டு அதுவே.