சித்திர வகுப்பில் டீச்சருக்கும் ஓர் இடம்

"படம் வரையிறது சோறு போடுமா?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். சாதாரண தரப் பரீட்சையில் சித்திரமும் ஒரு பாடந்தான். ஆனாலும் பிள்ளை கலர் பென்சிலை எடுத்தால் "கணக்குக் கொப்பிய எடு" என்கிறோம். சித்திரமே சொல்லிக்கொடுக்காத பாடசாலைகளில் படித்த ஒரு மக்களின் கதையை இம்முறை பார்ப்போம். இது தென்னாபிரிக்காவில் நடந்தது.

அங்கே 1953இல் பாண்டு கல்விச் சட்டம் வந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கூலி வேலைக்கு வேண்டிய படிப்புப் போதும் என்பதே அதன் எண்ணம். (நமது பழைய தோட்டப் பள்ளிக்கூடங்களை அறிந்த பெரியவர்களுக்கு இது புதிதல்ல.) அந்தப் பாடசாலைகளில் பெரும்பாலும் சித்திர ஆசிரியர் கிடையாது. ஆகவே கலை பாடசாலைக்கு வெளியே, சமூகக் கலை நிலையங்களில் வளர்ந்தது. ஜொகன்னஸ்பேர்க்கில் பொலி ஸ்ட்ரீட் நிலையம் இருந்தது. 1952 முதல் செசில் ஸ்கொட்னஸ் அதை நடத்தினார். நேட்டாலில் ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் நிலையமும், 1977இல் கேப் டவுனில் சமூகக் கலைத் திட்டமும் தோன்றின.

இவற்றில் பலரும் கற்றது லினோ அச்சு. தரையில் விரிக்கும் லினோலியத் துண்டில் படத்தைச் செதுக்கி, மை தடவி, தாளை வைத்துத் தேய்ப்பார்கள். செதுக்காமல் மேடாக நிற்கும் இடந்தான் மை பிடிக்கும். செலவு குறைவு, ஒரே படத்தைப் பல தாளில் எடுக்கலாம். ரோர்க்ஸ் ட்ரிஃப்டில் பயின்ற ஜோன் முவாஃபங்கேஜோ தம் படங்களுக்குள்ளேயே எழுத்துகளையும் செதுக்கினார்.

1994இல் எல்லாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1997இல் வெளியிட்ட புதிய பாடத்திட்டத்தில் எட்டுப் பாடப்பிரிவுகளில் ஒன்றாகக் கலையும் பண்பாடும் சேர்ந்தது. சிக்கல் அங்கேதான் வந்தது. பாடம் வந்துவிட்டது, ஆனால் கற்பிக்க வேண்டிய டீச்சர்மாரில் பலர் தாங்களே சித்திரம் படிக்காதவர்கள்! ஆற்றில் இறங்காதவர் எப்படி நீச்சல் பழக்குவார்?

ஆகவே பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டு நடத்தும் பட்டறை அரைப் பட்டறை என்பது எங்கள் கருத்து. பிள்ளை ஒரு படத்தோடு வீட்டுக்கு வரும், சந்தோஷந்தான். அடுத்த கிழமை வகுப்பில் அதைத் தொடர யார் இருக்கிறார்கள்? டீச்சரும் அதே வாங்கில் உட்கார்ந்து கையில் மை பூசிக்கொண்டால், மை கூடினால் படம் அப்பிவிடும், குறைந்தால் விழாது என்று அவர் தம் கையாலேயே அறிந்துகொள்வார். வாசலில் நின்று பார்த்தால் அது வராது.

லினோ இல்லாமலும் செய்யலாம். பிஸ்கட் பெட்டி மட்டையில் இலை, கொழுந்துக் கூடை, லயம் என்று உருவங்களை வெட்டி இன்னொரு மட்டையில் ஒட்டுங்கள். நன்றாகக் காயட்டும். ஸ்பொஞ்ச் துண்டால் போஸ்டர் கலரைக் கெட்டியாக, மெல்லிசாகத் தடவி, தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேயுங்கள். பிளேடு தேவையில்லை, கத்தரிக்கோல் போதும். பெயர் எழுதுவதானால் எழுத்துகளைத் திருப்பி ஒட்ட வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் சரியாகத் தெரிய வேண்டும்.

உங்கள் பாடசாலையில் யாராவது சித்திரப் பட்டறை நடத்த வந்தால், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: "டீச்சர்மாரும் உட்காருவாங்களா?" பழைய மட்டைகளை இப்போதே சேர்த்து வையுங்கள்.