திட்டக் கொள்கையில் பெண்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: பெண்ணுரிமை, 1975இன் உலகப் பெண்கள் ஆண்டையொட்டி இந்தியத் திட்டக் கொள்கைக்குள் வந்த இறக்குமதிச் சரக்கு.

உண்மை: அவ்வாண்டு ஊக்கமளித்தது மெய்யே. எனினும் 1938இல், சுபாஷ் சந்திர போஸ் காங்கிரஸ் தலைவராயிருந்தபோது நேருவின் தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழு, திட்டமிட்ட பொருளாதாரத்தில் பெண்ணின் இடத்தை ஆராய்வதற்கென்றே ஒரு துணைக்குழுவை நியமித்திருந்தது. ராணி லட்சுமிபாய் ராஜ்வாடே தலைமையிலான அத்துணைக்குழு, கூலியில்லா வீட்டு வேலைக்கும் பொருளாதார மதிப்பு உண்டென்றும், அதற்கு ஈடாகக் குடும்ப வருவாயின் ஒரு பகுதி மனைவியின் முழு ஆளுகையில் இருக்க வேண்டுமென்றும் கூறியது. அவ்வறிக்கை 1947இல் அச்சேறியது. ஆயினும் 1951இல் தொடங்கிய முதல் ஐந்தாண்டுத் திட்டம் பெண்களை உழைப்போராகக் கருதாமல், பெரும்பாலும் சமூக நலத்துறையின் பயனாளிகளாகவே நடத்தியது. அவர்களுக்கெனத் தனி அத்தியாயம் ஆறாவது திட்டத்தில்தான் (1980–85) இடம்பெற்றது. உள்நாட்டிலேயே எழுதப்பட்டுக் கிடப்பில் போடப்பட்ட ஒன்றை இறக்குமதி என்பது வரலாற்றுப் பிழை.

நம்பிக்கை: பாலின வரவு செலவு அறிக்கை பெண்களுக்கெனத் தனியே ஒதுக்கப்படும் பணம்.

உண்மை: 2005–06 முதல் நடுவண் வரவு செலவுத் திட்டத்துடன் வெளியாகும் இவ்வறிக்கை புதுப் பணம் எதையும் தருவதில்லை; ஏற்கெனவே உள்ள திட்டங்களில் பெண்களுக்குரிய பங்கைப் பிரித்துக் காட்டும் கணக்கு மட்டுமே. முழுவதும் பெண்களுக்கான திட்டங்கள் முதற்பகுதியிலும், குறைந்தது 30 விழுக்காடு அவர்களைச் சேர்வன இரண்டாம் பகுதியிலும் வரும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு வழங்கும் ஊரக வீட்டுவசதித் திட்டம், பல ஆண்டுகளாக முதற்பகுதியில் முழுத் தொகையுடன் காட்டப்பட்டிருப்பது, இக்கணக்கு எவ்வளவு எளிதில் ஊதிப்பெருக்கக்கூடியது என்பதற்குச் சான்று.

நம்பிக்கை: தமிழ்நாட்டின் மகளிர் உரிமைத் தொகை வெறும் இலவசம்.

உண்மை: 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய இத்தொகை, ஊதியமில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்றே அரசால் விளக்கப்பட்டது. ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாதென்ற வரம்பு இதில் உண்டு; உழைப்புக்கான ஈடு என்றால் வருமான வரம்புக்கு இடமேது? எனவே இதனை உரிமையின் பெயர் தாங்கிய நல உதவி என்பதே சரி. 2019இன் தேசியக் காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். அந்த உழைப்பு நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கில் இன்றுவரை சேர்க்கப்படுவதில்லை.