விற்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

புத்தளத்திலிருந்து வன்னிக்குப் பட்டறைச் சாமான்கள் கொண்டுபோய் விற்பது என் தொழில். சென்ற வருடம் ஒட்டுசுட்டானில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பிக்கு 25 மில்லிமீற்றர் ஹை-பீட் கட்டரும் அதற்குரிய இன்சேர்ட்டுகளும் கொடுத்தேன். முத்தையன்கட்டுப் பக்கத்து வயல்காரர்களின் உழவு மெஷின்களைத் திருத்துவது அவருடைய வேலை. கடன் எடுத்து ஒரு சிறிய மில்லிங் மெஷினும் வாங்கியிருந்தார்.

ஒரு கிழமைக்குள் அழைப்பு வந்தது. "நானா, நீங்கள் தந்தது போலிச் சாமான். ஒரு மணித்தியாலத்திலை முனை எரிஞ்சு போச்சு" என்றார்.

நேரில் போய்ப் பார்த்தேன். சாமானில் பிழையில்லை. பிழை கணக்கில் இருந்தது.

வியாபாரச் சகோதரர்களே, இந்தக் கணக்கை நாமும் தெரிந்திருக்க வேண்டும். சுற்று வேகம் காண, வெட்டு வேகத்தை 1000ஆல் பெருக்கி, 3.14ஆலும் கட்டரின் விட்டத்தாலும் வகுக்க வேண்டும். சாதாரண இரும்புக்கு நிமிடத்துக்கு 120 மீற்றர் என்று எடுத்தால், 25 மில்லிமீற்றர் கட்டருக்கு ஏறக்குறைய 1500 சுற்று வரும். மேசை நகரும் வேகமே பீட். சுற்று, பல்லின் எண்ணிக்கை, ஒரு பல் எடுக்கும் அளவு ஆகிய மூன்றையும் பெருக்கினால் அது கிடைக்கும். இரண்டு பல், பல்லுக்கு 0.4 மில்லிமீற்றர் என்றால் நிமிடத்துக்கு 1200 மில்லிமீற்றர்.

தம்பியின் மேசை 600க்கு மேல் ஓடாது. அவரோ மெஷின் சிறியது என்று பயந்து 300இல் ஓட்டியிருக்கிறார். அப்போது பல்லுக்குக் கிடைப்பது 0.1 மட்டுமே.

ஹை-பீட் கட்டரில் இன்சேர்ட் ஏறக்குறைய படுத்த நிலையில் இருக்கும். சாய்வு 10 பாகை என்றால், சீவலின் தடிப்பு பீட்டில் ஆறில் ஒரு பங்குதான். 0.1க்கு 0.017 மில்லிமீற்றர் சீவல் வரும். அது வெட்டாது, உரசும். உரசினால் சூடேறும், முனை எரியும். மெதுவாக ஓட்டினால் கருவி பிழைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் கட்டருக்கு அது நேர்மாறு.

பரிகாரம் எளிது. ஒரு இன்சேர்ட்டைக் கழற்றச் சொன்னேன். சுற்று 1500, ஒரே பல், மேசை 600. இப்போது பல்லுக்கு 0.4 கிடைத்தது, சீவல் சுமார் 0.07. ஆழத்தை 0.4க்குள்ளும் அகலத்தை 15 மில்லிமீற்றருக்குள்ளும் வைத்தோம். நிமிடத்துக்கு வெட்டுப்படுவது 3.6 கன சென்ரிமீற்றர்தான். ஒரு குதிரைவலு மோட்டாருக்கு இது பாரமில்லை. வெட்டு விசையின் பெரும்பகுதி பக்கவாட்டில் தள்ளாமல் மேல்நோக்கி ஸ்பின்டிலுக்குள் போவதால், பாரம் குறைந்த மெஷினும் அதிகம் நடுங்காது. வேலை முடிந்தபோது முனை அப்படியே இருந்தது.

ஆகவே சிறிய மெஷினில் பாரத்தைக் குறைக்க நினைப்பவர் ஆழத்தைக் குறைக்கட்டும், அகலத்தைக் குறைக்கட்டும், பல்லைக் குறைக்கட்டும். பல்லுக்குரிய பீட்டில் கைவைக்க வேண்டாம். மேசைத் திருகில் தளர்வு இருந்தால், கட்டர் சுழலும் திசையோடு மேசையை ஓட்டவும் வேண்டாம். கட்டர் மேசையை இழுத்துக்கொண்டு போய்விடும்.

எரிந்த இன்சேர்ட்டுகளின் விலையில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். தம்பி வேண்டாமென்றார். ஆனால் மோட்டார் எத்தனை குதிரைவலு, ஆகக்கூடிய சுற்று எவ்வளவு, மேசை எவ்வளவு வேகமாக ஓடும், திருகில் தளர்வு உண்டா என்று விற்கும் முன் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விற்றது என் குறை.

இன்று இந்த நான்கையும் கேட்காமல் நான் கட்டர் கொடுப்பதில்லை. சில வேளை பதிலைக் கேட்டுவிட்டு, "இது உங்கள் மெஷினுக்குச் சரிவராது" என்று சொல்லி அனுப்புகிறேன். அன்றைய விற்பனை போகிறது. ஆனால் அந்த ஆள் மறுமுறையும் என்னிடமே வருகிறார்.