வெயிலில் வெந்நீர்: நம் கட்டடத்துக்குப் பொருந்துமா?



குளிர்காலம் நெருங்கினால், பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் சோலார் வாட்டர் ஹீட்டர் வேண்டும் என்று நம் அறக்கட்டளைக்குக் கோரிக்கைகள் வருகின்றன. கம்பம் பள்ளத்தாக்கின் மார்கழிக் குளிரில் சுப்ஹுக்கு ஒளு செய்யும் முதியவர்களின் சிரமம் நாம் அறிந்ததே. ஆனால் மக்கள் தரும் பணம் அமானிதம். அது மொட்டை மாடியில் பயனின்றிக் கிடக்கக் கூடாது. வாங்குமுன் ஆறு விஷயங்களைப் பார்ப்போம்.

1. தேவை எவ்வளவு, எத்தனை நாள்?
100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரம் ஆகும். வருடத்தில் 300 நாள் பயன்படுத்தும் மாணவர் விடுதியில் 1,200 யூனிட் மிச்சம். மூன்று மாதம் மட்டும் வெந்நீர் தேடும் வீட்டில் அதே கருவியால் 360 யூனிட்தான். ஒளுவுக்கு 40 டிகிரி போதும். 100 லிட்டர் வெந்நீரில் பச்சைத் தண்ணீர் கலந்தால் சுமார் 230 லிட்டர் கிடைக்கும். ஒருவருக்கு 3 லிட்டர் என்றால் 75 பேருக்குப் போதும்.

2. நிழல் விழுகிறதா?
தகடு தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். காலை 9 முதல் மாலை 3 வரை நிழல் படக் கூடாது. சித்திரையில் சூரியன் உச்சியில் நிற்பதால் நிழல் தெரியாது. மார்கழியில் அது தெற்கே சாய்ந்திருக்கும். மினாரா, தென்னை, பக்கத்து மாடி ஆகியவற்றின் நிழல் வடக்கே நீளும். எனவே மார்கழியில் பார்த்து இடம் குறியுங்கள்.

3. உயரமும் எடையும்
பம்ப் இல்லாத சாதாரண அமைப்பில், பச்சைத் தண்ணீர்த் தொட்டி வெந்நீர்த் தொட்டியைவிட உயரமாக இருக்க வேண்டும். 500 லிட்டர் தண்ணீர் மட்டுமே அரை டன் எடை. பழைய தளமாக இருந்தால் பொறியாளரிடம் காட்டாமல் ஏற்றாதீர்கள்.

4. குழாய் எவ்வளவு தூரம்?
20 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள 15 மீட்டர் குழாயில் ஏறக்குறைய 5 லிட்டர் ஆறிய தண்ணீர் நிற்கும். அது வெளியேறிய பிறகே வெந்நீர் வரும். தொட்டி மூன்றாம் மாடியிலும் ஒளுச் செய்யுமிடம் கீழேயும் இருந்தால் தினமும் வீண்விரயம்தான். தூரத்தைக் குறைத்து, குழாய்க்கு வெப்பக் காப்பு உறை போட வேண்டும்.

5. தண்ணீர் எப்படி?
போர் தண்ணீர் உப்பாக இருந்தால், தகடு வகையின் மெல்லிய செம்புக் குழாய்களில் உப்பு படிந்து அடைக்கும். அங்கே கண்ணாடிக் குழாய் வகை ஏற்றது. ஒரு குழாய் உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஆனாலும் வருடம் ஒருமுறை சுத்தம் செய்தாக வேண்டும்.

6. மழையிலும் விடுமுறையிலும் என்ன செய்வது?
சுப்ஹுக்கு வருவது முந்தைய நாள் வெயிலின் சூடு. ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் அது போதாது. துணைக்கு மின் காயில் தேவை. அதை எப்போதும் போட்டே வைத்தால் மிச்சம் ஏதுமில்லை. யார் போடுவது, யார் அணைப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். ரமலான் விடுமுறையில் மதரஸா பூட்டியிருக்கும்போது தகட்டைத் துணியால் மூடி வைக்க வேண்டும்.

ஆக, மாணவர் விடுதி, மருத்துவமனை, குழாய் தூரம் குறைந்த பள்ளிவாசல் ஆகியவற்றுக்கு இது நன்கு பொருந்தும். சில வாரங்களே வெந்நீர் தேவைப்படும் சிறு குடும்பத்துக்குச் சிறிய கீசரே போதும். வீட்டு மாடியில் இடம் குறைவென்றால், மின்சாரம் தரும் சோலார் தகடுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டது.

விண்ணப்பிக்கும் ஜமாஅத், மதரஸா நிர்வாகிகள் இந்த ஆறுக்கும் பதில் எழுதி இணைத்துத் தாருங்கள். பொருந்தும் இடத்துக்கு உதவி சேர வேண்டும் என்பதே நம் நோக்கம். அல்லாஹ் அதற்கு அருள் புரிவானாக.